அன்றன்றைய வலி

ஜெசிந்தா தூத்துக்குடியில் ஒரு மனநல மருத்துவமனையில் ஆலோசகராக இருந்தாள். நோயாளிகள் பேசும் பேச்சில் ஆலோசகர்கள் நொந்துபோய்விடக் கூடாது என்று அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. வேலை முடிந்ததும் ஒரு நாற்காலியில் கால்மணி நேரம் உட்காரவைத்து, அன்றைய மனவலியை எடுத்துவிடுவார்கள். நடந்ததெல்லாம் நினைவிருக்கும், வலி மட்டும் இருக்காது.

கிங்ஸ்டன் என்ற இளைஞனை அவள் இரண்டு வருடம் தாங்கியது அப்படித்தான். வாய்க்கு வந்தபடி ஏசுவான். ஒருநாள் அவளுக்குப் பிள்ளை இல்லாததைச் சொல்லிக் குத்திக்காட்டிவிட்டு, கையிலிருந்த காப்பியை அவள்மேல் வீசினான். மறுநாள் காலையில் அவள் சிரித்த முகமாக, "வாங்க கிங்ஸ்டன்" என்றாள்.

போன வாரம் அவன் உயிரை மாய்த்துக்கொண்டான். இன்று அவனுடைய அம்மா பெர்னத்தம்மா அவளைப் பார்க்க வந்திருந்தாள்.

"எப்பவும் ஒங்களப் பத்திதான் பேசுவான், தாயி. 'அந்த அக்காவ என்ன ஏசினாலும் மறுநாள் சிரிச்சிட்டு நிக்கா. நான் ஒருத்தன் இருக்கது அவளுக்குக்கூட உறைக்கல'ம்பான்." ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நெசமாவே ஒங்களுக்கு வலிக்கலையா?"

"வலிச்சுதும்மா. ஒவ்வொரு நாளும் வலிச்சுது. சாயங்காலம் எடுத்துருவாங்க."

பெர்னத்தம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுக்கதுக்கு முன்னால, அவன்ட்ட அத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, தாயி" என்றாள்.