பட்டில் ஓர் ஊற்று

ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகர டயாலிசிஸ் அறையில் காலை வெயில் வில்மாவின் மடியில் விழுகிறது. இடது கையில் இரண்டு ஊசிகள். ரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்த் திரும்புகிறது. வாரம் மூன்று நாள் இப்படித்தான். பாலைவனத்துக்குள் இருக்கும் தன் ஊரை அவள் பார்த்து நான்கு வருடமாகிறது. குழாயைச் சரிபார்க்கக் குனியும் நர்ஸ் கெரியின் கழுத்தில் புதுப் பட்டுத்துணி தொங்குகிறது. வில்மா வரைந்த அவள் ஊர் ஊற்று அதில் வெள்ளைப் புள்ளி வளையங்களாக விரிகிறது. "ஓரத்துல உங்க பேரே அச்சடிச்சிருக்கு, ஆன்ட்டி!" "நான் இங்க கட்டிக் கிடக்கேன், என் ஊத்து உன் கழுத்துல ஊர் சுத்துதாக்கும்?" இருவரும் சிரிக்கும்போதே போன் அடிக்கிறது. கெரி அதை வில்மாவின் காதருகே பிடிக்கிறாள். ஊரிலிருந்து மகள் ஜோசி. "அம்மா, மூணு நாளா மழை! ஊத்து இப்படி நிரம்பி நான் பார்த்ததே இல்ல. பிள்ளைங்க எல்லாம் குதிக்க ஓடுதுங்க." வில்மா எழப் பார்க்கிறாள், குழாய் இழுபட்டு இயந்திரம் அலறுகிறது. "எந்தப் பக்கம்டி?" வலது கையால் கெரியின் பட்டுத்துணியைப் பற்றி, மேற்குக் கரையைக் குறிக்கும் வளையத்தின் மேல் விரலை ஊன்றுகிறாள். "பிள்ளைங்கள மேற்கால விடாதே! தண்ணிக்கடியில பாறை இருக்கு, வெளிய தெரியாது. கேக்குதா?" போனில் காற்று இரைகிறது, பிறகு அதுவும் இல்லை. திரும்ப அழைத்தால் மணி போகவில்லை. இயந்திரம் இன்னும் மூன்று மணி நேரம் ஓட வேண்டும். வில்மா விரலை எடுக்கவில்லை. கெரி நிமிராமல் குனிந்தே நிற்கிறாள்.