லண்டனில் மாட்டிக்கொண்ட கண்ணாயிரம்

"அப்பா, கம்ப்யூட்டர்ல அந்த பிரவுசரை அப்டேட் பண்ணிட்டீங்களா? பழசுல ஓட்டை இருக்காம். அவரு சொல்லச் சொன்னாரு."

சென்னையிலிருந்து மகள் சுவேதா போனில் கேட்டாள்.

"உன் புருஷன் சொல்லித்தான் நான் பண்ணணுமா? வேற பேசு," என்றார் கண்ணாயிரம்.

"சரி, சனிக்கிழமை திருவந்திபுரத்துல புள்ளைக்கு மொட்டை. வருவீங்கதானே?"

"உங்கம்மா வருவா."

"உங்களைத்தாம்பா கேக்குறேன். எனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. உங்க மடியிலதான் புள்ளைய உக்கார வெக்கணும்."

"உன் புருஷன் வாயைத் தொறந்து என்னைக் கூப்பிட்டானா?"

"அவரு போன் பண்ணா நீங்கதான் எடுக்க மாட்டேங்குறீங்களே!"

கண்ணாயிரம் போனை வைத்துவிட்டார்.

கோபத்துக்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் தலைதீபாவளி. மாப்பிள்ளை அருள்முருகனை உட்காரவைத்து, பெரிய இலையாகப் போட்டு, நெய் ஊற்றும் நேரத்தில் ஆபீஸிலிருந்து அவனுக்குப் போன். ஏதோ பிரவுசரில் ஓட்டையாம், உடனே அடைக்க வேண்டுமாம். பாதி இலையில் எழுந்து போனவன், அன்றைக்கே பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டான்.

"பத்து வகை கறி வெச்சேன். இவனுக்கு ஓட்டை பெரிசாப் போச்சு!"

அன்றிலிருந்து கண்ணாயிரம் மாப்பிள்ளையோடு பேசுவதில்லை.

குமராட்சியில் கண்ணாயிரத்துக்கு உரக்கடை. கம்பெனிகளுக்கு மெயில் அனுப்பச் சிதம்பரம் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். அதைத் திறந்தால் போதும், அப்டேட் செய்யட்டுமா என்று ஒரு கட்டம் வந்து நிற்கும். 'நோ' என்று அழுத்துவார். மறுநாளும் வரும்.

"மாப்ளதான் உள்ள உக்காந்து கேக்குறாரு போல," என்பாள் மனைவி தைலம்மாள்.

"அப்படின்னா ரெண்டு தரம் அழுத்துறேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் கடலூரிலிருந்து தைலம்மாளின் தம்பி சாமிக்கண்ணு கடைக்குப் போன் செய்தார்.

"மச்சான், லண்டன்ல மழையா?"

"குமராட்சில யூரியா மூட்டை எறக்கிக்கிட்டு இருக்கேன்யா. என்ன லண்டன்?"

"பர்ஸ், பாஸ்போர்ட், செல்போன் எல்லாம் திருட்டுப் போச்சு, பணம் அனுப்புன்னு இங்கிலீஷ்ல மெயில் போட்டிருக்கீங்களே! வீட்ல சொல்லாதேன்னு வேற. எம் பையன்தான் படிச்சுச் சொன்னான். விழுப்புரம் தாண்டினாலே உங்களுக்குத் தலை சுத்தும், நீங்க எங்க லண்டன் போறது?"

அன்று முழுக்க இதே போன்தான். பூச்சிமருந்து கம்பெனிக்காரர் சிரித்தார். விதைக் கம்பெனிக்காரர் சிரித்தார். சாயங்காலம் மினிபஸ்ஸில் வீடு திரும்பும்போது, "லண்டன் ஒண்ணு எறங்கு!" என்று கண்டக்டர் விசில் ஊதினார்.

அண்ணாமலை நகரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சார்லஸ், கண்ணாயிரத்தின் வீட்டுக்கு வந்து பார்த்தார்.

"பழைய பிரவுசர் சார். ஓட்டை வழியா எவனோ உள்ள பூந்து பாஸ்வேர்டை எடுத்துட்டான். நாப்பத்தோரு பேருக்கு மெயில் போயிருக்கு. அப்டேட் போட்டிருந்தா இந்தத் தொல்லை வந்திருக்காது."

தைலம்மாள் கண்ணாயிரத்தைப் பார்த்தாள். கண்ணாயிரம் ஃபேனைப் பார்த்தார்.

சார்லஸ் போனதும் கண்ணாயிரம் ஆரம்பித்தார்.

"அந்த நாப்பத்தோரு பேர்ல உன் மாப்ளயும் இருக்கான். அவன் மெயில் விலாசத்தை சுவேதாதான் சேத்து வெச்சது. ஊரே போன் பண்ணிச் சிரிச்சுது. அவனுக்குச் சிரிக்கக்கூட ஒரு போன் பண்ணத் தோணலை பாரு. நான் மொட்டைக்கு வரலை. அவகிட்ட சொல்லிடு."

"நாளைக்குச் சொல்றேன். கோவம் ஆறலாம்."

"ஆறாது."

மறுநாள் காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கசங்கின சட்டையோடு அருள்முருகன் இறங்கி ஓடிவந்தான்.

"அத்தை, மனசைத் திடப்படுத்திக்குங்க. மாமா லண்டன்ல…"

கையில் இட்லியோடு உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா! எப்ப வந்தீங்க?"

"பல்லு வெளக்கிட்டு இப்பத்தான் வந்து உக்காந்தேன்."

"அப்ப… நேத்து நான் அனுப்பின பணம்?"

"அனுப்பிட்டியா?"

"கையில இருந்தது பூரா. அப்புறம் பதிலே இல்ல. பயந்துபோய் பஸ் ஏறிட்டேன்."

தைலம்மாள் தலையில் கைவைத்தாள். "ஏன் மாப்ள, சுவேதாவை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"வீட்ல சொல்லாதேன்னு இருந்துச்சே அத்தை. மாமா எங்க போறாரு, எங்க வர்றாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? லண்டனே போனாலும் எங்கிட்ட சொல்லிட்டா போவாரு?"

கண்ணாயிரத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஊருக்கெல்லாம் ஓட்டை அடைக்கிறவன்! எட்டாவது படிச்ச சாமிக்கண்ணுக்கே பொய்னு தெரிஞ்சுது. உனக்குத் தெரியலையா?"

அருள்முருகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வேற யாரு பேர்ல வந்திருந்தாலும் மொத வரியிலயே தெரிஞ்சிருக்கும் மாமா. மூணு வருஷத்துல நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. மை டியர்னு போட்டு, நீதான் காப்பாத்தணும்னு எழுதியிருந்துச்சு. அதுக்கு மேல எனக்கு எதையும் யோசிக்கத் தோணலை."

சிரிப்பு நின்றது. கண்ணாயிரம் எழுந்து போய்க் கை கழுவினார். கழுவின கையையே மறுபடியும் கழுவினார். பிறகு துண்டால் துடைத்தபடி வந்து அவன் எதிரில் உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை நான் வர்றேன். போன பணத்துல பாதியை நான் தர்றேன். அந்த மெயிலை நான்தான் எழுதினேன்னே வெச்சுக்குங்க, மாப்ளே."