சோப்பு வாசனை

"கையைக் காட்டு. மோந்து பார்க்கணும்."

ஹேசல் இரண்டு கைகளையும் நீட்டினாள். மார்லா குனிந்து முகர்ந்தாள்.

"இது சானிடைசர் ஜெல் வாசனை. ஜெல்லுக்கெல்லாம் வாந்திக் கிருமி சாகாதுன்னு எத்தனை தடவ சொல்றது? போய் சோப்புப் போட்டு, இருபது வரைக்கும் எண்ணிக் கழுவிட்டு வா."

"நம்ம முறை வந்துடும்மா."

"வந்தா போகட்டும். மறுபடி நின்னுக்கலாம்."

ஹேசல் காலை இழுத்துக்கொண்டே கழிப்பறைப் பக்கம் போனாள். வயது ஒன்பது. ஆர்லண்டோ வெயிலில் ஒரு மணி நேரமாக ரோலர் கோஸ்டர் வரிசையில் நின்றிருந்தவள்.

டெரிக் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "நீ அவளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிட்டு வந்தியா, ஆபரேஷன் தியேட்டருக்கா?"

வீட்டில் என்றால் இந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இருந்திருக்காது. இங்கே மார்லாவும் சிரித்தாள். "நீ எங்க ஸ்கூல் கேன்டீன்ல ஒரு குளிர்காலம் வேலை பாரு. அப்புறம் பேசு."

சொந்த ஊரான டேட்டனில் அவள் வேலை பார்க்கும் பள்ளியில் போன ஜனவரியில் பாதிப் பிள்ளைகள் வாந்தியில் படுத்தார்கள். அதனால்தான் ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல் டிவி ரிமோட்டையும் கதவுப் பிடிகளையும் பிளீச் போட்டுத் துடைத்தாள். காலை உணவுக் கூடத்தில் எல்லோரும் தொடும் இடுக்கியை டிஸ்யூ சுற்றித்தான் பிடித்தாள். ராட்டினத்தில் ஏறினால் கைப்பிடிக் கம்பியைத் துடைத்த பிறகே மகளை உட்கார விட்டாள். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டதை அவள் சட்டை செய்யவில்லை.

"இந்த அஞ்சு நாளும் அவளுக்கு ஒரு குறையும் இல்லாம முடியணும் டெரிக். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

"முடியும்," என்றான் டெரிக். சிரிப்பு நின்றிருந்தது.

நான்காம் நாள் காலை, பக்கத்து அறைப் பெண்மணி லிஃப்டில் அலுத்துக்கொண்டாள். அவள் மகள் டானி விடியும்வரை மூன்று முறை வாந்தி எடுத்தாளாம். மார்லா ஹேசலின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"டானி பக்கமே போகக் கூடாது. புரியுதா?"

"ம்."

மதியம் பால்கனியிலிருந்து கீழே பார்த்த மார்லாவுக்குப் பகீரென்றது. நீச்சல் குளத்து ஓர பெஞ்சில் ஹேசலும் டானியும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். டானியின் கையில் ஆரஞ்சு ஜூஸ். அதே ஸ்ட்ராவை வாயில் வைத்து ஹேசல் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

"என்னடி பண்ற?"

"தாகமா இருந்துச்சு."

"அவளுக்கு உடம்பு சரியில்லன்னு காலையிலதானே சொன்னேன்?"

"தெரியும்."

அந்தத் 'தெரியும்'தான் மார்லாவின் கோபத்தைக் கிளப்பியது. அறைக்கு இழுத்துக்கொண்டு போய், வாயைக் கொப்பளிக்க வைத்து, கை சிவக்கும்வரை தேய்த்துக் கழுவிவிட்டாள். ஹேசல் அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"எப்பம்மா வரும்?"

"எது?"

"வாந்தி."

"நாளைக்குள்ள வந்துடும். வரக் கூடாதுன்னு வேண்டிக்கோ."

ஹேசல் துண்டை மடித்துக் கொக்கியில் மாட்டினாள்.

மறுநாள் மதியம் பார்க்கில் ஊர்வலம் பார்க்க நின்ற கூட்டத்தின் நடுவில் வந்தது. முதலில் டெரிக்கின் ஷூ மேல். அப்புறம் ஹோட்டல் வேனில். அப்புறம் அறைக் கம்பளத்தில்.

டெரிக் கட்டிலோரம் உட்கார்ந்து பக்கெட்டைப் பிடித்துக்கொண்டான். வியர்வையில் ஒட்டிய மகளின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டான். மார்லா கையுறை மாட்டிக்கொண்டு மண்டியிட்டுத் தரையைத் துடைத்தாள். ஹோட்டலுக்கு வந்து பார்த்த டாக்டரம்மா, "நாளைக்கு விமானம் ஏறுறதை மறந்துடுங்க. நாலு நாள் படுக்கட்டும். கூட இருக்கிறவங்களும் ஜாக்கிரதையா இருங்க, சட்டுனு ஒட்டிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெரிக் விமானக் கம்பெனிக்குப் போன் போட்டு மூன்று பேரின் பயணத்தையும் தள்ளி வைத்தான்.

மார்லாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. துணியைப் பக்கெட்டில் எறிந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதானேடி அந்த ஸ்ட்ராவை வாயில வெச்ச? வேணும்னேதானே பண்ணின?"

"பாவம், விடு மார்லா. கிறங்கிப் போய்க் கிடக்கிறா."

"அவ சொல்லட்டும்."

ஹேசலின் உதடு வெளுத்திருந்தது. கண்ணைத் திறக்காமலே, "ஆமா," என்றாள்.

டெரிக்கின் கை அவள் நெற்றியில் அப்படியே நின்றது.

"ஏன்டா கண்ணு?"

"நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கு பால்கனியில பேசினது எனக்குக் கேட்டுச்சு. ஊருக்குப் போனதும் அப்பா நீங்க மட்டும் வேற வீட்டுக்குப் போயிடுவீங்க, என்கிட்ட ஞாயித்துக்கிழமை சொல்லிக்கலாம்னு."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஹேசல் மெல்லக் கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடினாள்.

"உங்களுக்கும் வந்துட்டா இன்னும் நாலு நாள் சேர்ந்து இருக்கலாம் இல்லம்மா? அதான் காலையில உங்க ரெண்டு பேர் பிரஷ்லயும் பல் தேய்ச்சேன்."