ஆறு வினாடி

விளக்கை இடது பக்கம் வைத்தாள்.

அவர் இடது கையைத் தொடைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வலது பக்கம் வச்சுப் பாரேம்மா. நெஞ்சு நல்லா எடுப்பாத் தெரியும்."

"இல்லண்ணா. எனக்கு இந்தக் கைதான் வேணும்" என்றாள் மெர்லின். விளக்கை இன்னும் ஒரு சாண் நெருக்கினாள்.

பின்னால் கறுப்புத் துணி. அதன் முன்னே ஒரு மர முக்காலியில் கோவணத்தோடு தணிகாசலம், ஐம்பத்து மூன்று வயது. எதிரே கேமரா. ஸ்டுடியோவின் கதவுக்கு வெளியே புரசைவாக்கத்தின் மத்தியான ஹாரன்கள்.

ஓவியக் கல்லூரியில் இருபத்தாறு வருடமாக அவரைப் பார்த்துத்தான் பிள்ளைகள் மனித உடம்பை வரையக் கற்கிறார்கள். கொசு கடித்தாலும் அசையாத மனுஷன். ஒருமுறை தோளில் பல்லி விழுந்தது. அலறிக்கொண்டு எழுந்தது பிள்ளைகள்தான். அந்தக் கதையைக் கல்லூரியில் இன்னமும் சொல்கிறார்கள். அவரும் கேட்காதவர் மாதிரி இருந்து முழுசாகக் கேட்டுக்கொள்வார்.

ஊரில் மற்றவர்களுக்கு வேலை செய்தால் சம்பளம். அவருக்குச் சும்மா இருந்தால்தான் சம்பளம்.

இப்போது இடது கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஆடி மாதத்தில் ஆரம்பித்தது. கட்டைவிரல் தானாக ஆள்காட்டி விரலோடு உரசும், திருநீறு எடுப்பது போல. எதையாவது இறுக்கிப் பிடித்தால் நின்றுவிடும். கையை ஓய்வாக வைத்தால் போதும், தொடங்கிவிடும்.

அவருடைய அண்ணனுக்கும் கட்டைவிரலில்தான் தொடங்கியது. நான்காம் வருடம் அண்ணன் காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, அப்படியும் வேட்டியில் ஊற்றிக்கொண்டார். அந்த வேட்டி தணிகாசலத்தின் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.

கல்லூரியில் இதுவரை சமாளித்துவிட்டார். கம்பைப் பிடித்து நின்றார். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். புதுசு புதுசாக யோசிக்கிறாரே என்று ஆசிரியர் வேறு மெச்சினார்.

மெர்லினிடமும் காலையிலிருந்து அதே வித்தைதான். கையைத் தொடைக்கு அடியில் கொடுத்தார். முதுகுக்குப் பின்னால் கட்டினார். அவள் எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்தாள். பிறகு கிட்டே வந்து, தன் கையைத் தன் முழங்காலில் போட்டுக் காட்டினாள்.

"இப்படிண்ணா. தூங்குற கை மாதிரி."

பெரிய விளக்குகளை அணைத்தாள். மிச்சம் இருந்தது ஒரு நாற்பது வாட் பல்பு. இந்த வெளிச்சத்துக்கு ஷட்டர் ஆறு வினாடி திறந்திருக்க வேண்டும். அதற்குள் எது அசைந்தாலும் படத்தில் கலங்கிவிடும்.

"உங்கள விட்டா யாருண்ணா ஆறு செகண்டு ஆடாம இருப்பாங்க?"

பாராட்டைக் கேட்டு வியர்க்கிற ஆளை அவள் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டாள்.

முடியாது என்று சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்பாள். இருபத்தாறு வருடத்தில் அவர் எந்த நிலைக்கும் முடியாது என்றதில்லை. அவளும் அதே கல்லூரியில் அவரை வரைந்து படித்தவள். சாயங்காலத்துக்குள் அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

கையை முழங்காலில் வைத்தார்.

ஷட்டர் திறந்தது.

ஒன்று.

கை இருந்தது.

இரண்டு.

நல்ல பிள்ளையாக இருந்தது.

மூன்று.

கட்டைவிரல் விழித்துக்கொண்டது.

வேண்டாம், வேண்டாம் என்று உள்ளுக்குள் கெஞ்சினார். கெஞ்சக் கெஞ்ச அது வேகமெடுத்தது. மற்ற உடம்பு முழுவதும் அவர் சொன்னபடி கேட்டது. அந்தக் கை மட்டும் யாருடைய கையோ போல ஆடியது. ஐந்தும் ஆறும் வந்தது அவருக்குத் தெரியவில்லை.

ஷட்டர் மூடியது.

மெர்லின் லேப்டாப் திரைக்குக் குனிந்தாள். படத்தைப் பெரிதாக்கினாள்.

அவர் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவ்வளவுதான், தெரிந்துபோயிற்று. வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். முதல் வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.

"ஐயோ, அண்ணா!"

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

திரையில் அவர் உட்கார்ந்திருந்தார். விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. காது மடலின் மயிர்கூடத் துல்லியம். முழங்காலின் மேல் மட்டும், கை இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு புகை.

"நான் தூங்குற கைன்னேன். நீங்க என்னடான்னா அதுக்கு உசுரே குடுத்துட்டீங்க! உடம்புல வேற எதுவும் ஆடாம கைய மட்டும் எப்படிண்ணா ஆட்டுனீங்க? மூணு வருசமா இதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

அவள் கண் கலங்கியிருந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. பயம் இருந்த இடத்தில் அப்படியே இருக்க, அதன் மேலேயே சிரித்தார்.

"தோணிச்சும்மா" என்றார்.

அவள் ஓடிப்போய்க் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சந்தோஷத்தில் குரல் கிரீச்சிட்டது.

"இது ஒண்ணு. கண்காட்சில இதுக்குப் பக்கத்துலயே ஜோடியா இன்னொண்ணு மாட்டப்போறேன். அதே வெளிச்சம், அதே மாதிரி உக்காருங்க. இந்தவாட்டி கைய ஆட்டாதீங்க, அவ்வளவுதான்."

அவர் கையைக் கக்கத்திலிருந்து எடுத்து முழங்காலில் வைத்தார்.

"ரெடியாண்ணா?"

கட்டைவிரல் உரச ஆரம்பித்திருந்தது.

"ரெடிம்மா" என்றார்.