புது மெஷினின் மகிமை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, ஒரு மாவீரரின் கதை சொல்கிறேன்.

கண்ணாடிக் கடைக்காரர் கையடக்க கேம் மெஷின் ஒன்று புதிதாக வாங்கியிருந்தார். வீட்டுக்கு வந்த மச்சினனிடம் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து அளந்துகொண்டிருந்தார்.

“பழசுல திரை தம்மாத்துண்டு மாப்ளே. பட்டன் அமுங்கவே அழும். ஆறு மாசமா ஆட்டத்துக் கடைசியில வர்ற டிராகன்கிட்ட உதை வாங்கினேன். புதுசுல ரெண்டே நாள்ல ஆளு காலி! பாதி ஆட்டத்துல கண்ணசந்தாக்கூட, முழிச்சுப் பார்த்தா ஜெயிச்சிருக்கேன். மெஷின் அப்படி!”

“அப்ப நானும் இதையே வாங்கிடறேன், மாமா. அந்த டிராகனை இன்னொரு தடவை அடிச்சுக் காட்டுங்களேன்.”

மச்சினன் முன்னால் மானம் போய்விடக் கூடாதே என்று கடைக்காரர் கண் இமைக்காமல் ஆடினார். டிராகன் அவரை மூன்று முறை நிதானமாக விழுங்கியது.

“மெஷின்ல ஏதோ கோளாறு” என்றார், வேர்வையைத் துடைத்தபடி.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரக்கூட இல்லை. “கோளாறெல்லாம் இல்லீங்க. நீங்க தூங்கினாத்தானே அது என் கைக்கு வருது? போய்க் கொஞ்ச நேரம் படுங்க. தம்பிக்கு நான் ஆடிக் காட்டறேன்.”

எந்தக் கை ஜெயித்தாலும் சரி, தங்கங்களே, உங்கள் வீட்டில் வெற்றி குறையாமல் இருக்கட்டும்.