பதினாறும் ஒரே மாதிரி

முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் பொய் சொல்லாதவள் ஒருத்திதான் என்று காலை பத்து மணிக்கே மேங்யாவுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்ததும் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மற்ற முப்பத்தேழு பேரும் படுத்திய பாடு கொஞ்சமா? கடந்த ஒரு மாதத்தில் தலை வலித்ததா, வயிறு வலித்ததா, சரியாகத் தூங்கினாயா என்று மருத்துவக் கல்லூரி ஆய்வு மாணவியான அவள் தயாரித்த பதினாறு கேள்விகள். 'ஒருநாளும் இல்லை' என்றால் ஒன்று, 'தினமும்' என்றால் ஐந்து. ஏதாவது ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து அதே தாளை மறுபடி கொடுத்தாள்.

போன தடவை வயிற்று வலியே வந்ததில்லை என்றவன், முந்தின நாள் கடைத்தெருவில் சுட்ட கணவாய் மீனைத் தின்று வாந்தி எடுத்த கையோடு, இந்தத் தடவை 'தினமும்' என்று வட்டம் போட்டிருந்தான். நேற்றுப் பல் விழுந்தவளுக்கு மாதம் முழுக்கப் பல்வலி. நேற்று நடந்ததுதான் அவர்களுக்கு ஒரு மாதம்.

"ரெண்டு தடவையும் ஒரே பதில் சொன்ன ஒரு பிள்ளையையாவது காட்டு. இல்லேன்னா இந்தக் கேள்வித்தாளைக் குப்பையில போட்டுட்டு அடுத்த வருஷம் புதுசா ஆரம்பி" என்று பேராசிரியர் டூ கறாராகச் சொல்லியிருந்தார். அடுத்த வருஷம் என்றால், விடுதியில் ஆறு பேரோடு ஒரே அறையில் இன்னும் ஒரு வருஷம்.

"ஹான் டீச்சர், இந்த யுவான்யுவான் எப்படிப்பட்ட பொண்ணு?"

வகுப்பாசிரியை ஹான், குவளையிலிருந்த வெந்நீரை ஊதிக் குடித்தபடி சிரித்தார். "அவளா? போன வாரம் குடையை விட்டுட்டுப் போனா. நேத்து ஒரு கால் ஷூவை விட்டுட்டுப் போனா. ஏன் கேக்கறே?"

"பதினாறு கேள்விக்கும் ரெண்டு தடவையும் அச்சு அசலா ஒரே பதில், டீச்சர்."

"யுவான்யுவானா? நீ வேற யாரையோ சொல்றேம்மா."

கீழே பாட்டு வகுப்பில் பிள்ளைகள் "ஒண்ணு, மூணு, ரெண்டு" என்று, ஸ ரி க மவுக்குப் பதிலாக அங்கே பாடும் ஸ்வர எண்களைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள். மேங்யா எரிச்சலோடு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேராசிரியருக்குச் செய்தி அனுப்பினாள்: 'கிடைத்துவிட்டாள்.'

பதில் உடனே வந்தது. 'எப்படி நினைவு வைத்திருந்தாள் என்று கேள். ஆய்வின் முதல் பக்கத்திலேயே போடலாம்.'

யுவான்யுவான் வந்து நின்றாள். வூஹூ நகரத்து ஆற்று மீனையெல்லாம் இவள் ஒருத்தியே தின்று தீர்த்தது போல அப்படியொரு கன்னம்.

"பாவம், உனக்குத் தினமும் தலை வலிக்குமா கண்ணு?" மேங்யா ஒரு பால் மிட்டாயை நீட்டினாள்.

"தலைவலின்னா எப்படி அக்கா இருக்கும்?"

டீச்சர் பக்கத்தில் இருப்பதால் குழந்தை பயப்படுகிறது என்று மேங்யா நினைத்துக்கொண்டாள். "சரி, அதை விடு. அன்னிக்கு வட்டம் போட்ட எண்ணெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கா? தாளைப் பாக்காம சொல்லு பாக்கலாம்."

யுவான்யுவான் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். "அஞ்சு, மூணு, மூணு, ரெண்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு..." ஓரிடத்திலும் தடுமாறவில்லை. மேங்யா தாளில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் "ரெண்டு, ரெண்டு, ஒண்ணு" என்று முடித்துக் குழந்தை கண்ணைத் திறந்தாள்.

பதினாறும் சரி. மேங்யா வெற்றியோடு ஹான் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விரல் குவளையின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று விரலை நிறுத்தி, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எப்படிம்மா இவ்வளவு ஞாபகம்?" என்று மேங்யா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நம்ம ஸ்கூல் பாட்டோட ஸ்வரம் அக்கா, இதுகூடவா மறக்கும்?"