டீச்சர் வீட்டு வைஃபை

மேல்வீட்டு டீச்சரின் வைஃபையைத் திருடுவதற்கு வேண்டிய டிரைவர் மென்பொருளை, மேல்வீட்டு டீச்சரின் சோபாவிலேயே உட்கார்ந்து இறக்கிக்கொண்டிருந்தான் கீழ்வீட்டுக்காரன்.

வேறு வழியில்லை.

லேப்டாப்பில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலைத் தானே கட்டிப் பார்க்கிறேன் பேர்வழி என்று காலையில் ஆரம்பித்தவன், இது எதுக்கு, அது எதுக்கு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினான். கழித்த குப்பையோடு வைஃபை கார்டை வேலைசெய்ய வைக்கும் டிரைவரும் போய்விட்டது. மேதாவித்தனம் முற்றிப்போய், பழைய கர்னலையும் அழித்துத் தொலைத்திருந்தான்.

இப்போது டிரைவர் வேண்டுமென்றால் நெட் வேண்டும். நெட் வேண்டுமென்றால் டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான்.

கையில் இருப்பதோ பட்டன் போன். சொந்தமாக ஒரு கனெக்‌ஷன் வாங்குங்க என்று சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். டீச்சர் ஒருநாள் பால்கனியில் நின்றுகொண்டு, தெருவில் நின்ற தங்கை மகனுக்குப் பாஸ்வேர்டை வகுப்பறைக் குரலில் கத்திச் சொன்னார். அன்றிலிருந்து அவனுக்கு அந்தச் செலவு அநாவசியமாகப் பட்டது.

"என் கனெக்‌ஷன் படுத்துடுச்சு டீச்சர், கொஞ்ச நேரம் உங்க ரவுட்டர்ல வயர் மாட்டிக்கட்டுமா?" என்று கூசாமல் கேட்டுத்தான் இன்றைக்கு உள்ளே நுழைந்திருந்தான்.

டீச்சர் லேசுப்பட்டவர் இல்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர். கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவர், மாடிப்படியில் செருப்பை விடுகிறவர் என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆளே அந்தக் கட்டடத்தில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பேப்பர் மட்டும் வீட்டுக்கு வருவதில்லை என்று போன கூட்டத்தில் இவன் முனகியபோதுகூட, பேப்பர் போடுகிறவரை வரவழைத்து, அத்தனை பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வைஃபை விஷயம் தெரிந்தால், அன்றைக்கே வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான்.

"மடியில வச்சா சுடும்" என்று டீச்சரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பழைய பேப்பர் கட்டு ஒன்றை அதன்மேல் வைத்து, லேப்டாப்புக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். காபியும் கொடுத்தார். கர்னல் கட்டி முடிகிறவரை துணைக்கு உட்கார்ந்து உபதேசமும் பண்ணினார்.

"அடுத்தவங்க பொருள்னா ஒரு துரும்பைக்கூடத் தொடக்கூடாது தம்பி. பிள்ளைங்களுக்கு நான் மொதல்ல சொல்லிக் குடுத்ததே அதைத்தான்."

காபி அவனுக்குப் புரையேறியது.

ஒருவழியாக வேலை முடிந்தது. புதுக் கர்னலோடு லேப்டாப்பை மறுபடி கிளப்பிவிட்டு, நல்ல பிள்ளையாக வயரைப் பிடுங்கிச் சுருட்டினான்.

"உங்களோடது சரியாகிற வரைக்கும் என்னோடதையே வச்சுக்குங்களேன், பாவம்" என்ற டீச்சர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துப் பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகப் படிக்கத் தொடங்கினார்.

லேப்டாப்புக்கு அந்தப் பொறுமை இல்லை. விழித்ததும் விழிக்காததுமாக, பழகின வீட்டுக்குள் ஓடுகிற நாய் மாதிரி ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. 'டீச்சர் வீடு: இணைக்கப்பட்டது' என்று திரையில் கொட்டை எழுத்தில் போட்டு, டிங் என்று மணி வேறு அடித்தது.

டீச்சர் படிப்பதை நிறுத்தினார். திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"நான் இன்னும் பாதிகூடச் சொல்லலையே, தம்பி?"

ஓடிவிடலாம் என்று லேப்டாப்பை வெடுக்கென்று தூக்கினான். தூக்கின வேகத்தில் பேப்பர் கட்டு சரிந்து தரையெல்லாம் பரவியது.

குனிந்து பொறுக்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர். அடுத்ததும் ஞாயிற்றுக்கிழமை. அதற்கடுத்ததும். குறுக்கெழுத்துக் கட்டங்கள் எல்லாம் குண்டு குண்டான கையெழுத்தில் நிரம்பியிருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும், எந்த வீட்டில் போட வேண்டும் என்பதற்காகப் பேப்பர் போடுகிறவர் பென்சிலால் குறித்த கதவு எண்.

அவன் வீட்டு எண்.

நிமிர்ந்தான். டீச்சர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை.

அவன் பேப்பர்களை ஒழுங்காக அடுக்கி, எண் தெரியாதபடி கவிழ்த்து, ஸ்டூலின்மேல் வைத்தான். அப்புறம் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தான்.

"மீதியையும் சொல்லுங்க டீச்சர், எழுதிக்கிறேன்."

டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மீதியையும் சொன்னார். கடைசி எண்ணை மட்டும் பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார்.

அவன் சரியாகவே எழுதிக்கொண்டான்.